சென்னையில் வெளிநாட்டு நிறுவனத்தின் கிளை திறப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் பதிவான ஒரு நிறுவனம் சென்னையிலோ கோவையிலோ அலுவலகம் போட வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? கணக்கு, சட்டப் பதிவு வேலைகளில் பல வருடமாக இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர், தலைமையகம் அனுப்பிவைத்து முதல் ஆளாக இங்கே வந்து இறங்கிய தமிழர்கள். மீதிப் பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ கொழும்பிலோ சொந்தமாக நிறுவனம் நடத்துபவர்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே. கிளைகள் பற்றி இங்கே வருவது ரிசர்வ் வங்கி 2016 மார்ச் 31 அன்று வெளியிட்ட விதிகளை ஒட்டியது. அவற்றைத் திருத்தி எழுதும் வரைவு ஒன்றை 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று வங்கியிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எந்தெந்த வடிவில் அலுவலகம் போடலாம்?

நான்கு வழிகள் உண்டு. முதலாவது தொடர்பு அலுவலகம்; பேச்சில் லயசன் ஆபீஸ். இரண்டாவது கிளை அலுவலகம். மூன்றாவது, கையில் ஒரு ஒப்பந்தம் இருந்தால் அதற்காக மட்டும் போடும் திட்ட அலுவலகம். இந்த மூன்றும் தனி ஆள் கிடையாது, வெளிநாட்டு நிறுவனத்தின் கை நீண்டு இங்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்காவது வழி இந்தியச் சட்டத்தின்படி புதிதாக ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் பங்குகளை வெளிநாட்டு நிறுவனம் வைத்துக்கொள்வது. அது துணை நிறுவனம், சட்டத்தின் கண்ணில் தனி ஆள்.

வடிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் எல்லோரிடமும் ஒன்று கேட்பேன்: அலுவலகம் திறந்த முதல் திங்கட்கிழமை காலையில் உங்கள் ஆட்கள் உட்கார்ந்து என்ன வேலை செய்வார்கள்? பில் போடுவார்களா, வாடிக்கையாளரைச் சந்தித்துப் பேசுவார்களா, மென்பொருள் எழுதுவார்களா, பொருள் தயாரிப்பார்களா? இதற்குப் பதில் கிடைத்தால் வடிவம் தானாக முடிவாகிவிடும். பதில் இல்லாமல் "முதலில் ஏதாவது ஒன்று போட்டுவிடுவோம்" என்று போனவர்கள் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

தொடர்பு அலுவலகம் என்ன செய்யலாம்?

பேசலாம், விசாரிக்கலாம், அறிமுகம் செய்து வைக்கலாம். தாய் நிறுவனத்துக்கும் இங்குள்ளவர்களுக்கும் நடுவில் தகவல் பரிமாறலாம். ஏற்றுமதி இறக்குமதிக்கும், தொழில்நுட்பக் கூட்டுக்கும் வழி தேடலாம். ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கக் கூடாது. வாடகை, சம்பளம், காபிச் செலவு வரை எல்லாமே தாய் நிறுவனம் வங்கி வழியாக அனுப்பும் பணத்தில்தான் நடக்க வேண்டும். அனுமதி 3 வருடத்துக்கு. பிறகு நீட்டித்துக்கொள்ளலாம். வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும் கட்டுமானத் துறையினருக்கும் மட்டும் 2 வருடம்தான், நீட்டிப்பும் கிடையாது.

எங்கள் தொடர்பு அலுவலகத்து மேலாளர் வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் அனுப்பினால் என்ன?

இந்தத் துறையில் நான் பார்த்த தலைவலிகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஐரோப்பாவில் இயந்திரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தொடர்பு அலுவலகக் கணக்கைப் பல வருடம் முன்பு பார்த்தேன். மேலாளர் நல்ல உழைப்பாளி. வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று விலையைப் பேசி முடித்து, தானே கையெழுத்துப் போட்டு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டார். ஒரு முறை இல்லை, பல முறை. வரித்துறை அந்த மின்னஞ்சல்களைக் கேட்டு வாங்கிப் படித்தது. "விற்பனையே இங்கே நடக்கிறது, லாபத்தில் ஒரு பங்குக்கு இங்கே வரி கட்டுங்கள்" என்று நோட்டீஸ் வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. எதுவரை போகலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 24 அன்று தீர்ப்புச் சொன்ன யுஏஇ எக்ஸ்சேஞ்ச் வழக்கு. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் நிறுவனம் அது. கொச்சி, சென்னை, டெல்லி, மும்பை, ஜலந்தர் ஆகிய ஊர்களில் தொடர்பு அலுவலகம் வைத்திருந்தது. பணம் கட்டியவரோடு ஒப்பந்தம் போட்டதும் கட்டணம் வாங்கியதும் அமீரகத்தில். இங்குள்ள அலுவலகங்கள் விவரங்களைத் தரவிறக்கி, காசோலையோ டிராஃப்ட்டோ அச்சடித்து, உரியவருக்குக் கூரியரில் அனுப்பின. இது துணைவேலைதான், இதற்காக இங்கே வரி விதிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆக, காகிதத்தில் என்ன பெயர் என்பதை விட நாற்காலியில் உட்கார்ந்தவர் உண்மையில் என்ன செய்தார் என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

என் ஆலோசனை இதுதான்: விலை, தள்ளுபடி, ஒப்பந்தக் கையெழுத்து இந்த மூன்றும் தலைமையகத்திலிருந்து மட்டும் போக வேண்டும் என்று எழுத்தில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். விசிட்டிங் கார்டில் "விற்பனை மேலாளர்" என்று போடாதீர்கள்.

கிளை அலுவலகம் எதையெல்லாம் செய்யலாம்?

வருமானம் ஈட்டலாம். பொருள் ஏற்றுமதி இறக்குமதி, தொழில்முறை ஆலோசனைச் சேவை, தாய் நிறுவனம் செய்கிற துறையில் ஆராய்ச்சி, தகவல் தொழில்நுட்பச் சேவையும் மென்பொருள் உருவாக்கமும், தாய் நிறுவனம் விற்ற பொருளுக்குத் தொழில்நுட்ப உதவி, தாய் நிறுவனத்துக்காக வாங்கும் அல்லது விற்கும் ஏஜென்ட் வேலை, வெளிநாட்டு விமான மற்றும் கப்பல் நிறுவனங்களின் பணி எல்லாம் பட்டியலில் உண்டு. சில்லறை வியாபாரம் கூடாது. பொருள் தயாரிப்பும் பதப்படுத்தலும் கூடாது. நேரடியாகவும் கூடாது, சுற்றுவழியிலும் கூடாது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் மட்டும் சில நிபந்தனைகளோடு உற்பத்திப் பிரிவு வைக்கலாம்.

ஹூண்டாய் 1996-இல் இங்கே வந்தபோது ஏன் கிளையாக வராமல் ஹூண்டாய் மோட்டார் இந்தியா என்ற இந்திய நிறுவனமாக வந்தது என்று ஒருவர் கேட்டார். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய வேண்டும் என்றால் கிளை உதவாது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பொருள் தயாரிக்கும் ஜப்பானிய, கொரிய நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் "இந்தியா பிரைவேட் லிமிடெட்" என்றுதான் முடியும்.

வங்கிகள் மட்டும் எப்படிக் கிளையாகவே இருக்கின்றன?

வங்கிக்குத் தனிச் சட்டம், தனி உரிமம். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் முன்னோடி 1858-இலேயே கல்கத்தாவில் கிளை திறந்தது. அதே சமயம் துணை நிறுவனமாக மாறினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி நெடுநாள் கிளையாக இருந்துவிட்டு, 2019 மார்ச்சில் டிபிஎஸ் பேங்க் இந்தியா லிமிடெட் என்ற துணை நிறுவனமானது. அடுத்த வருடம் நவம்பரில் கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி நெருக்கடியில் விழுந்தபோது, அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது அந்தத் துணை நிறுவனம்தான். கரூரிலும் திருச்சியிலும் பழைய பாஸ்புக் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் சிங்கப்பூர் வங்கியின் வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

கிளை திறக்க என்ன தகுதி வேண்டும்?

தாய் நிறுவனம் தன் நாட்டில் கடந்த 5 நிதியாண்டுகளாக லாபம் காட்டியிருக்க வேண்டும். நிகர மதிப்பு, அதாவது சொத்தில் கடனைக் கழித்தது போக மீதி, குறைந்தது 1 லட்சம் அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். தொடர்பு அலுவலகத்துக்கு 3 ஆண்டு லாபமும் 50,000 டாலர் நிகர மதிப்பும் போதும். இந்தத் தகுதி இல்லாவிட்டாலும், அதன் தாய் நிறுவனமோ அதே குழும நிறுவனமோ தகுதியுடையதாக இருந்தால் "தேவைப்படும்போது நாங்கள் பணம் தருவோம்" என்ற உறுதிக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம்.

சிங்கப்பூரில் நான் தொடங்கிய நிறுவனத்துக்கு இரண்டு வயதுதான். என்ன செய்வது?

துணை நிறுவனம் போடுங்கள். அதற்கு லாப வரலாறு தேவையில்லை. குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், இரண்டு இயக்குநர்கள் வேண்டும். இயக்குநர்களில் ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். பங்குப் பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததும் 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கி, ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்சி-ஜிபிஆர் படிவத்தில் சொல்ல வேண்டும். மென்பொருள் போன்ற துறைகளில் அரசின் முன்அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த 30 நாளைத் தவறவிடுபவர்கள் அநேகம். தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்யலாம் என்றாலும், பின்னால் முதலீட்டாளர் வந்து கோப்பைப் பார்க்கும்போது அது உறுத்தும்.

கிளைக்கு விண்ணப்பம் யாரிடம் கொடுப்பது?

நேராக ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டியதில்லை. அந்நியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற வங்கியில், பேச்சில் ஏடி பேங்க், எஃப்என்சி என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். வங்கி சரிபார்த்து, ரிசர்வ் வங்கியின் புதுடெல்லிப் பிரிவிலிருந்து உங்களுக்கான தனி அடையாள எண் வாங்கி, பிறகு அனுமதிக் கடிதம் தரும். கடிதத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் அலுவலகத்தைத் திறக்காவிட்டால் அனுமதி காலாவதி. தகுந்த காரணம் சொன்னால் வங்கி இன்னும் 6 மாதம் தரலாம்.

பாதுகாப்புத் தளவாடம், தொலைத்தொடர்பு, தனியார் பாதுகாப்பு, தகவல் ஒலிபரப்பு ஆகிய துறைகள், தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டு அரசு அமைப்புகள் இவற்றுக்கு வங்கியே முடிவெடுக்க முடியாது. கோப்பு மேலே போகும்.

இலங்கை நிறுவனத்துக்கு ஏதாவது தனி விதி உண்டா?

உண்டு. கொழும்பிலிருந்து கேட்பவர்களுக்கு இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான், ஈரான், சீனா, ஹாங்காங், மக்காவ் நாடுகளின் வரிசையில் இலங்கையும் இருக்கிறது. சென்னையில் திறப்பதற்கு இதனால் தடை எதுவும் இல்லை, ஆனால் மாநிலக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலை வங்கி உள்துறை அமைச்சகத்துக்கும் அனுப்பும். ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் நிகோபாரில் திறக்க வேண்டும் என்றால் ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி வேண்டும். கிளைக்காகச் சொந்தமாகக் கட்டடம் வாங்கவும் இந்த நாடுகளுக்கு முன்அனுமதி தேவை. 5 வருடத்துக்கு மிகாத குத்தகைக்குத் தேவையில்லை.

காவல்துறைப் பதிவு என்றதும் பயந்துபோய்த் திட்டத்தையே கைவிட நினைத்த நண்பர் ஒருவர் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை, சந்தேகப்பட்டுக் கேட்பதும் இல்லை. காகிதத்தை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பதிவுச் சான்றிதழ், நிறுவனத்தின் அமைப்பு விதிகள், கிளைக்கு 5 வருட (தொடர்பு அலுவலகத்துக்கு 3 வருட) தணிக்கை செய்த கணக்குகள், எத்தனை வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று அந்த நாட்டு வங்கி தரும் அறிக்கை, இயக்குநர் குழுத் தீர்மானம், இங்கே கையெழுத்திடுபவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி. ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு.

காலத்தைத் தின்பது இந்தியப் பக்கத்து வேலை இல்லை, தாய் நாட்டுப் பக்கத்து வேலைதான். நோட்டரி, அதன்மேல் அபோஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு வெளிநாட்டுக்காகத் தரும் சான்று), மொழிபெயர்ப்பு, கூரியர் என்று ஒன்றுக்கொன்று காத்திருக்கும். ஜப்பான், கொரியா, ஜெர்மனி, சிங்கப்பூர் போன்ற அபோஸ்டில் ஒப்பந்த நாடுகளுக்கு அந்த முத்திரை போதும். ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டிலிருந்து வந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று வேண்டும். ஒரே முறையில் மூன்று செட் செய்து வாங்கிவிடுங்கள். வங்கிக்கு ஒன்று, நிறுவனப் பதிவாளருக்கு ஒன்று, எதிர்பாராமல் கேட்பவருக்கு ஒன்று. இன்னொன்று: பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் தீர்மானத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர் ஒருவர் இயக்குநராக இருந்தால் இனிஷியலில்தான் சிக்கல் வரும். ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் அப்பா பெயர் முழுதாக.

வங்கி அனுமதி கிடைத்துவிட்டது. வேலையைத் தொடங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இந்தியாவில் அலுவலகம் நிறுவிய 30 நாளுக்குள் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி எஃப்சி-1 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அலுவலகம் சென்னையில் இருந்தாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பதிவாளர் டெல்லியில்தான். எல்லாம் ஆன்லைன் என்பதால் நேரில் போக வேண்டாம். தவறினால் அபராதம் 1 லட்சத்திலிருந்து 3 லட்சம் வரை, தவறு தொடர்ந்தால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வரை கூடும். அப்புறம் பான், வரி பிடித்துக் கட்டுவதற்கான டான் எண், வருமானம் வரும் கிளை என்றால் ஜிஎஸ்டி, பொருள் ஏற்றுமதி இறக்குமதி செய்தால் அதற்கான ஐஇசி எண்.

அலுவலக இடத்தை எப்போது பிடிப்பது?

அனுமதிக் கடிதம் வரும்வரை நீண்ட குத்தகையில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் ஆறு மாதம் கோ-வொர்க்கிங் இடம் போதும். ஆனால் மேசையும் ஆளும் இல்லாத, வெறும் முகவரி மட்டும் தரும் இடம் வேண்டாம். ஜிஎஸ்டி அதிகாரி நேரில் வந்து பார்த்தால் பெயர்ப்பலகையும் உட்கார ஒரு நாற்காலியும் இருக்க வேண்டும்.

பெயர்ப்பலகையைத் தமிழில் வைக்க வேண்டுமா?

கட்டாயம். எனக்குப் பிடித்த விதி இது. வெளிநாட்டு நிறுவனம் ஒவ்வோர் அலுவலகத்தின் வெளியிலும் தன் பெயரையும் தான் பதிவான நாட்டின் பெயரையும் ஆங்கிலத்திலும், அந்த வட்டாரத்தில் புழங்கும் மொழியின் எழுத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டத்தின் 382-ஆம் பிரிவு சொல்கிறது. சென்னை என்றால் தமிழ். தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் விதிப்படியும் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும்.

தலைமையகத்திலிருந்து வரும் வடிவமைப்பில் தமிழுக்கு இடமே இருக்காது. கடைசி நேரத்தில் யாரோ கணினியில் மொழிபெயர்த்து, நிறுவனத்தின் பெயரையே அர்த்தம் பார்த்துத் தமிழாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். பெயரை அந்த நாட்டுக்காரர் வாயால் சொல்லக் கேட்டு, அந்த ஒலியைத் தமிழில் எழுதுங்கள். ஒரு ஜெர்மானிய மேலாளருக்கு அவருடைய நிறுவனத்தின் பெயரைத் தமிழில் எழுதி, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். அவர் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் எந்த நாட்டில் பதிவானது என்பதைப் போட மறக்காதீர்கள். உறுப்பினர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்றால் அதையும் சேர்த்துப் போட வேண்டும்.

கிளைக்கு வரி அதிகம் என்கிறார்களே, உண்மையா?

விகிதத்தில் உண்மை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு அடிப்படை வரி 35 சதவீதம். 2024 வரை 40 ஆக இருந்தது. இந்தியத் துணை நிறுவனம் சில சலுகைகளை விட்டுக்கொடுத்தால் 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்து 25.17 வரும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கிளையின் லாபம் வரி கட்டிய பிறகு அப்படியே வெளியே போகலாம், இன்னொரு வரி இல்லை. துணை நிறுவனம் டிவிடெண்டாக அனுப்பும்போது மறுபடி வரி பிடிக்க வேண்டும். 100 ரூபாய் லாபம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். கிளையில் வரியும் 4 சதவீத செஸ்ஸும் 36.40, வெளியே போவது 63.60. லாபம் 1 கோடியைத் தாண்டினால் கூடுதல் வரியும் ஏறும். துணை நிறுவனத்தில் 25.17 போக 74.83 மீதி, ஜப்பான், ஜெர்மனி ஒப்பந்தங்களின்படி டிவிடெண்டுக்கு 10 சதவீதம் பிடித்தால் 7.48 போய், கையில் 67.35. இந்தக் கணக்கில் துணை நிறுவனமே முந்துகிறது. லாபத்தை அனுப்பாமல் இங்கேயே தொழிலில் போட்டால் இடைவெளி இன்னும் பெரிது. தலைமையகச் செலவு என்று கிளையின் கணக்கில் எழுதவும் உச்சவரம்பு உண்டு. சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 5 சதவீதம்.

வரி விகிதம் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு விஷயங்கள். இரண்டையும் யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள்.

ஒன்று, டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. கிளை என்பது வெளிநாட்டு நிறுவனம். அதனால் இங்குள்ள வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் தரும்போது, இந்திய நிறுவனத்துக்குப் பிடிப்பதுபோல 2 அல்லது 10 சதவீதம் பிடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பயந்துபோய் 35 சதவீதமும் அதன்மேல் உள்ளதும் பிடித்துவிடுவார். லாபத்தில் கட்ட வேண்டிய வரி, மொத்த பில்லிலிருந்தே போய்விடும். ஒரு கிளையில் முதல் பெரிய பில்லுக்கு இப்படி நடந்து, அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தலைமையகத்திடம் அவசரமாகப் பணம் கேட்க வேண்டியதாயிற்று. வருட இறுதியில் திரும்பக் கிடைக்கும்தான், ஆனால் அதுவரை யார் தாங்குவது? முதல் பில் போடும் முன்பே குறைந்த விகிதச் சான்றிதழுக்கு வருமானவரித் துறையில் விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டு, ஜிஎஸ்டி. மென்பொருள் நிறுவனங்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். சென்னைக் கிளை தன் தலைமையகத்துக்கே சேவை செய்தால், அது சட்டப்படி ஏற்றுமதி ஆகாது, ஏனென்றால் இருவரும் ஒரே ஆள். ஏற்றுமதிக்குக் கிடைக்கும் வரி விலக்கும் ரீஃபண்டும் அங்கே கிடைக்காது. துணை நிறுவனம் தனி ஆள் என்பதால், அது தாய் நிறுவனத்துக்குச் செய்யும் சேவை மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் ஏற்றுமதிதான். 2021 செப்டம்பரில் மறைமுக வரி வாரியம் இதைச் சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. வெளிநாட்டு வேலையை இங்கே செய்து அனுப்பும் மையம்தான் உங்கள் திட்டம் என்றால், கிளை வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியானால் கிளை யாருக்குப் பொருந்தும்?

தாய் நிறுவனத்தின் பெயரும் அனுபவமும்தான் ஒப்பந்தம் வாங்கித் தருகிறது என்ற இடத்தில். பொறியியல் ஆலோசனை, கப்பல், விமானம், விற்ற இயந்திரத்துக்குப் பராமரிப்பு உதவி. ஒன்றை மறக்க வேண்டாம்: கிளையின் கடனும் வழக்கும் நேரே தாய் நிறுவனத்தின் மேல் விழும்.

திட்ட அலுவலகம்?

இந்திய நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தாலோ, ஜப்பான் அரசின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற அமைப்புகளின் நிதியில் நடந்தாலோ, ரிசர்வ் வங்கியிடம் தனியாகக் கேட்காமல் பொது அனுமதியிலேயே திறக்கலாம். சென்னை மெட்ரோ இப்படிப்பட்ட நிதியில் நடக்கும் திட்டம்தான். வேலை முடிந்தால் அலுவலகமும் முடிந்தது.

வெளிநாட்டு ஊழியரை அழைத்து வருவது எப்படி?

எம்ப்ளாய்மென்ட் விசா வேண்டும். சம்பளம் வருடத்துக்கு 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. சொந்த நாட்டு உணவு சமைப்பவர், ஆங்கிலம் அல்லாத மொழியின் மொழிபெயர்ப்பாளர் போன்ற சிலருக்கு விலக்கு. 180 நாளுக்கு மேல் செல்லும் விசாவில் வருபவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனில் தொடங்கலாம், சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது.

20 பேர் சேர்ந்து பிஎஃப் சட்டத்துக்குள் வந்துவிட்டால், வெளிநாட்டு ஊழியருக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் பிடிக்க வேண்டும். ஜப்பான், கொரியா, ஜெர்மனி போன்ற நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அந்த நாட்டிலிருந்து உரிய சான்றிதழ் கொண்டுவந்தால் இங்கே கட்ட வேண்டியதில்லை. விமானம் ஏறும் முன் அந்தச் சான்றிதழை வாங்கச் சொல்லுங்கள்.

வருடா வருடம் என்ன தாக்கல் செய்ய வேண்டும்?

மே 30-க்குள் எஃப்சி-4 ஆண்டு அறிக்கை. அது நிதியாண்டு முடிந்த 60 நாள் கணக்கு. செப்டம்பர் 30-க்குள் எஃப்சி-3 கணக்குகள். அதே தேதிக்குள், அனுமதித்த வேலையை மட்டும்தான் செய்தோம் என்று ஆடிட்டர் தரும் ஆண்டுச் செயல்பாட்டுச் சான்றிதழ், தணிக்கைக் கணக்கோடு வங்கிக்கும், நகல் டெல்லியில் உள்ள சர்வதேச வரிப்பிரிவு தலைமை இயக்குநருக்கும். இயக்குநரோ முகவரியோ மாறினால் 30 நாளுக்குள் எஃப்சி-2. தலைமையகத்தில் யாரோ ஓர் இயக்குநர் ஓய்வு பெற்றது இங்கே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும், அதற்குள் கெடு தாண்டியிருக்கும். ஒவ்வொரு மாதமும் தலைமையகச் செயலருக்கு "ஏதாவது மாறியதா?" என்று ஒரு வரி மின்னஞ்சல் போடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் கணக்கு முடிக்கும் நாட்டு நிறுவனம் என்றால், இங்கே மார்ச்சுக்கு ஒரு முறை, அங்கே டிசம்பருக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை கணக்கு முடிக்க வேண்டியிருக்கும். ஆள் எடுக்கும்போதே இதை மனதில் வையுங்கள்.

லாபத்தை வெளியே அனுப்புவது கஷ்டமா?

இல்லை. தணிக்கை செய்த கணக்கு, அனுப்பக்கூடிய லாபம் எப்படி வந்தது என்று காட்டும் ஆடிட்டர் சான்று, அது அனுமதித்த வேலையில்தான் வந்தது, சொத்தை மறுமதிப்பீடு செய்ததில் வந்தது அல்ல என்ற உறுதி. இவை இருந்தால் வங்கியே அனுப்பிவிடும்.

கோவையிலும் இன்னோர் அலுவலகம் திறக்கலாமா?

வங்கியில் புதிதாக எஃப்என்சி கொடுத்துத் திறக்கலாம். நாடு முழுதும் நான்கைத் தாண்டினால் காரணம் காட்டி ரிசர்வ் வங்கியின் அனுமதி வாங்க வேண்டும். பல இடங்களில் இருந்தால் ஒன்றை முதன்மை அலுவலகமாகக் குறிக்க வேண்டும்.

மூட வேண்டும் என்றால்?

திறப்பதை விட மூடுவதற்கு அதிக காலம் ஆகும். வரி நிலுவை, ஜிஎஸ்டி ரத்து, பதிவாளர் வேலை எல்லாம் முடித்து, இந்தியாவில் எந்த வழக்கும் நிலுவையில் இல்லை என்று உறுதி தந்து, மீதிப் பணத்தை அனுப்ப வங்கியிடம் கேட்க வேண்டும். கோப்பில் ஆடிட்டரின் சான்றிதழ் ஒன்று வைக்க வேண்டும். ஊழியர்களின் கிராஜுவிட்டி உட்பட எல்லாப் பாக்கியும் தீர்ந்தது, அல்லது அதற்குப் பணம் ஒதுக்கியாயிற்று என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஐந்து பேர் வேலை பார்த்த சின்ன அலுவலகம் என்றாலும் இந்த வரியை வெறும் சம்பிரதாயமாக எழுதவிடாதீர்கள். தலைமையகம் ஒரு மின்னஞ்சலில் முடிவெடுத்துவிடும். இங்கே பத்து வருடம் வேலை பார்த்த டிரைவருக்கும் ஆபீஸ் உதவியாளருக்கும் அது அப்படி இருக்காது. அவர்களுடைய கணக்கை முதலில் முடித்து, கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகு மற்ற கோப்பைத் திறங்கள்.